ஐந்து நாள் கட்டுப்பாடு, இரண்டு நாள் விருந்து: தொப்பை ஏன் அசையவில்லை?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. வயது 29, உயரம் 170 சென்ரிமீற்றர், தொடங்கும்போது எடை 82 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறு வாரமாக ஒரு சுழற்சி டயட்டில் இருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை மாச்சத்து 50 கிராமைத் தாண்டக் கூடாது, மொத்தச் சாப்பாடு 1200 கலோரி. சனியும் ஞாயிறும் உடம்பில் மாச்சத்தை 'ஏற்றும்' நாட்கள், அளவு கிடையாது. வாரத்தில் நான்கு மாலை ஜிம். முதல் வாரம் 4 கிலோ இறங்கியது. அதன் பிறகு தராசு 78-க்கும் 80-க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தலையிடி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது கால் தூக்கவே முடியவில்லையாம். எடை ஏன் நின்றது, இன்னும் கடுமையாக்க வேண்டுமா, சனிக்கிழமைக் கொத்துதான் பிரச்சினையா, சீனி வருத்தம் உள்ள அப்பாவும் இதில் சேரலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் செய்யும் திட்டம் ஏமாற்று வேலை கிடையாது. ஏற்கெனவே வயிறு ஒட்டியவர்கள், வருடக்கணக்கில் எடை தூக்கிப் பழகியவர்கள், உடற்கட்டுப் போட்டி மேடை ஏறும் முன் கடைசி இரண்டு மூன்று கிலோவைக் கழிக்கப் போட்டுக்கொள்ளும் திட்டம் இது. அவர்கள் அரிசியைக்கூட நிறுத்துத்தான் சமைப்பார்கள். 82 கிலோவில் தொடங்குகிறவருக்கு இது தேவையில்லாத சித்திரவதை. அதைவிட, நீங்கள் இதை எழுதி வைத்தபடியும் செய்யவில்லை. அதனால் கடுமையாக்குவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

முதல் வாரத்து 4 கிலோவைப் பார்ப்போம். நாம் சாப்பிடும் மாச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராம் வரை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஐந்து நாள் சோறு, ரொட்டி, பாண் எல்லாவற்றையும் நிறுத்தினால் இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி கரையும், கூடவே தண்ணீரும் போகும். அதோடு மாச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், உப்பின் பின்னாலேயே இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். குடலில் கிடக்கும் சாப்பாட்டின் அளவும் குறைகிறது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. ஐந்து நாளில் 4 கிலோ கொழுப்புப் போக வேண்டுமானால் 30,000 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். நீங்கள் ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் அது நடக்காது. வெள்ளிக்கிழமை 78, திங்கட்கிழமை 80 என்று காட்டுவதும் இந்தத் தண்ணீர்தான். ஞாயிறு இரவோடு இரண்டு கிலோ கொழுப்பு ஏறிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், வெள்ளியன்று தராசைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம்.

அப்படியானால் கொழுப்பு எவ்வளவு போனது? உங்கள் உயரம், எடை, வயது, வேலை எல்லாம் வைத்துப் பார்த்தால் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க நாளொன்றுக்கு 2450 கலோரி அளவு வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை 1200 சாப்பிட்டால் நாளுக்கு 1250 மிச்சம், ஐந்து நாளில் 6250. இனி சனி, ஞாயிறு. காலை ரொட்டியும் சம்பலும், பகல் சோறும் கோழியும், மாலை இரண்டு ரோல்ஸ், இரவு முழுக் கோழிக் கொத்தும் சோடாவும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது 4500-க்குக் குறையாது. ஞாயிறு ஏதாவது விசேஷ வீடு என்றால் பிரியாணி, வட்டிலப்பம், ஐஸ்கிரீம். இரண்டு நாளில் தேவைக்கு மேலே 4100 போய்ச் சேர்கிறது. வாரக் கடைசியில் கையில் நிற்பது 2150 கலோரிதான், அதாவது கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும் கொழுப்பு. இரண்டு கிலோ தண்ணீர் மேலும் கீழும் ஆடும் தராசில் கால் கிலோ எங்கே தெரியும்?

அதே 2150 கலோரியை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 300 வருகிறது. ஒரு தடித்த ரொட்டியும் கொஞ்சம் சம்பலும். நீங்கள் ஐந்து நாள் தலையிடியோடு பட்ட பாட்டின் மொத்தப் பலன், தினமும் ஒரு ரொட்டி குறைத்திருந்தாலே கிடைத்திருக்கும்.

'ஆனால் மாச்சத்தை நிறுத்தினால் உடம்பு கொழுப்பைத்தானே எரிக்கும்?' என்று கேட்பீர்கள். எரிக்கும், உண்மைதான். ஆனால் அப்படி எரிவதில் நீங்கள் அன்று சாப்பிட்ட எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு எல்லாவற்றின் கொழுப்பும் சேர்த்தி. வயிற்றில் உள்ளது குறைகிறதா என்பதை மொத்தக் கணக்குத்தான் தீர்மானிக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் எடை கூடிய 17 ஆண்களை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, நான்கு வாரம் சாதாரணச் சாப்பாடு, அடுத்த நான்கு வாரம் அதே கலோரிக்குக் கீட்டோ சாப்பாடு, அதாவது மாச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய சாப்பாடு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. கீட்டோவுக்கு மாறியதும் இன்சுலின் நன்றாக இறங்கியது, கொழுப்பு எரிவதும் கூடியது. ஆனால் உடம்பிலிருந்து கொழுப்புக் குறையும் வேகம் கூடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாச்சத்துக்குப் பதிலாகக் கொழுப்பில் ஓடும் கீட்டோ நிலைக்குள் உடம்பு போகவே இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். கொழுப்பை முதன்மையாக எடுத்துச் சிரமமில்லாமல் மலை ஏறப் பழக வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் வியாழக்கிழமை அந்த வாசலுக்குப் போய், சனிக்கிழமை காலையில் திரும்பி வந்துவிடுகிறீர்கள். பழகுவதற்கு முந்திய கஷ்டம் மட்டும் வாரா வாரம் புதிதாகக் கிடைக்கிறது.

தலையிடிக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் அதற்கு விடை இருக்கிறது. 'சீனி சேர்ந்துவிடும் என்று வாரநாட்களில் தேத்தண்ணியையே விட்டுவிட்டேன்.' அதற்கு முன் நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடித்தவர் நீங்கள். தேயிலையில் கஃபீன் இருக்கிறது. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலையிடி தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் ஞாயிறு இரவு வரை குடித்துவிட்டுத் திங்கள் நிறுத்துகிறீர்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று நாள் குறித்தது போல வலி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். மீதிப் பாதி, நான் மேலே சொன்ன உப்பு வெளியேறுவது. உட்கார்ந்து எழும்பும்போது கிறுகிறுப்பு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் உப்பும் தண்ணீரும் குறைந்த அடையாளம்.

சீனியைப் பற்றி நீங்கள் பயந்தது சரி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம் அளவு, ஐந்து கோப்பையில் 50 கிராம். உங்கள் கடுமையான திட்டத்தின் ஒரு நாள் மாச்சத்து முழுவதும் தேத்தண்ணியிலேயே முடிந்துவிடும். நம் பக்கத்துக் குளிருக்கு யாரும் கோப்பையை எண்ணுவதும் இல்லை. அதற்காகத் தேத்தண்ணியை விட வேண்டியதில்லை, சீனியை விட்டால் போதும். சீனியில்லாச் சாயத் தேத்தண்ணியில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். ஒரேயடியாக முடியாவிட்டால், பெரியவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்களே, அப்படிக் குடியுங்கள். கலக்கிக் குடிப்பதைவிடப் பாதிச் சீனிகூடப் போகாது. நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தலையிடி நாட்களில் உப்பும் புளியும் சேர்ந்த ரசம் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள். பிரஷர் இருப்பவர்கள் இந்த உப்பு யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த 'ஏற்றும்' விஷயம். இது வெறும் விருந்துக்கு வைத்த பெயர் இல்லை, இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. சுவீடனில் பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966-இல் தங்களையே வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பயிற்சிச் சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒருவர் ஒரு காலால், மற்றவர் ஒரு காலால் மிதித்தார்கள். களைத்து விழும் வரை மிதித்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் காலியானது, சும்மா இருந்த காலில் இல்லை. பிறகு மூன்று நாள் மாச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் இரண்டு தொடையிலும் துளித் தசையை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன் ஓய்வெடுத்த காலைவிட இரண்டு மடங்கு அளவுக்கு ஏறியிருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம், ஆனால் வேலை செய்த கால் மட்டும்தான் கூடுதலாக வாங்கிக்கொண்டது.

இதை உங்கள் ஜிம் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை, வியாழன் தோள், வெள்ளி டிரெட்மில் அரை மணி. காலுக்கு நாள் இல்லை, 'படி ஏறி இறங்குவதே போதும்' என்று காரணம் வேறு. உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் முதுகிலும்தான் இருக்கின்றன. அவற்றைக் காலி செய்யாமல் சனிக்கிழமை அண்டா அண்டாவாக மாச்சத்தைக் கொட்டினால் அது எங்கே போகும்? சின்னக் கையில் எவ்வளவு பிடிக்கும்? அந்தத் திட்டத்தை உண்மையாகச் செய்கிறவர்கள், ஏற்றுவதற்கு முன் முழு உடம்புக்கும் செட்டுக்கு 15, 20 தடவை என்று, ஓய்வு குறைத்து, வாந்தி வரும் அளவுக்கு வேலை வாங்குவார்கள். அதில் பாதி ஸ்குவாட்டும் (எடையோடு உட்கார்ந்து எழும்புவது) லஞ்சும்தான் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழும்புவது) இருக்கும்.

மலை ஏறுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. 80 கிலோ உடம்பை 100 மீற்றர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 75 கலோரி செலவாகும். தினமும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் அப்படி ஒரு தடவை ஏறினாலே வாரத்தில் 500 கலோரி, கொழும்பில் லிப்டில் ஏறுபவருக்கு இது கிடைக்காது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்கு ஏற்றம் ஏறத்தாழ 1000 மீற்றர், அதாவது ஏறுவதற்கு மட்டும் 750 கலோரி அளவு. இறங்கி வந்து கடையில் ஒரு முழுக் கொத்து சாப்பிட்டால் கணக்குச் சரி.

கொத்துதான் பிரச்சினையா என்றால், கொத்து ஒரு பகுதி. ரொட்டியிலுள்ள மாச்சத்து, கல்லில் ஊற்றும் எண்ணெய், முட்டை, மேலே ஊற்றும் குழம்பு எல்லாம் ஒரே தட்டில் வருகின்றன. மாச்சத்து நிறைய வரும் நாளில் உடம்பு மாச்சத்தையே எரிக்கும், அன்று உள்ளே போகும் கொழுப்பு அநேகமாக அப்படியே போய்ச் சேமிப்பில் உட்காரும். அதனால் ஏற்றும் நாளில் கொழுப்பை ஒடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை விதி. சோறு, பாண், அவித்த கிழங்கு, வாழைப்பழம் சரி. கொத்து, ரோல்ஸ், பிரியாணி, கட்டித் தேங்காய்ப்பால் சேர்ந்த கறி சரிவராது. சம்பலையும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கே மனமில்லை, ஆனால் துருவிய தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. சுடுசோற்றுக்குக் கைநிறையச் சம்பல் வைத்துக்கொண்டு 'கொழுப்பில்லாத நாள்' என்று சொல்ல முடியாது.

நம் வீடுகளுக்கு இந்தக் கீட்டோ நாட்கள் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த முக்கிய காரணம் பருப்பு. 100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் 60 கிராம் அளவு மாச்சத்தும் இருக்கிறது. 50 கிராம் எல்லைக்குள் பருப்புக்கு இடமில்லை. கடலை, கௌபி, பயறு எதற்கும் இடமில்லை. மலையகத்து அடுப்பில் விலை மலிந்த புரதம் முழுவதையும் வெளியே தள்ளிவிட்டு, மிச்சம் இருக்கும் மீன், கோழி, முட்டையை மட்டும் நம்புங்கள் என்கிறது திட்டம். டின் மீன் விற்கும் விலையில் யாரால் முடியும்? உங்கள் சாப்பாட்டுப் பட்டியலிலும் அதுதான் நடந்திருக்கிறது. காலை இரண்டு முட்டை, பகல் கோவா வறையும் ஒரு துண்டு மீனும், இரவு கோழிச் சூப். நாளுக்குப் புரதம் 60 கிராமைத் தாண்டாது. இந்த அளவில் 1200 கலோரியோடு எடையும் தூக்கினால் கொழுப்போடு தசையும் போகும். உங்களுக்கு வேண்டியது 120, 130 கிராம்.

சரி, இனி என்ன செய்யலாம்?

சுழற்சி பிடித்திருந்தால் சுழற்சியை விட வேண்டாம், உச்சங்களை மட்டும் வெட்டிவிடுங்கள். ஜிம்முக்குப் போகும் நான்கு நாளும் 2100 கலோரி, அதில் மாச்சத்து 220 கிராம் வரை. மற்ற மூன்று நாள் 1700 கலோரி, மாச்சத்து 120 கிராம். சராசரி 1900-ஐ ஒட்டி வரும். வாரத்துக்கு அரைக் கிலோ அளவு கொழுப்பு, இப்போது போவதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, தலையிடி இல்லாமல்.

120 கிராம் மாச்சத்து என்றால் பயப்பட வேண்டாம். காலை அம்மா சுடும் ரொட்டியில் ஒன்று, பகல் ஒரு கோப்பைச் சோறு, அதோடு 40 கிராம் பருப்பைக் கறியாக்கியது. இவ்வளவும் சேர்ந்து 120. மிச்சத்தை லீக்ஸ், போஞ்சி, கோவா, கீரை என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள், நம் ஊரில் இவற்றுக்கா பஞ்சம்? புரதத்துக்கு மூன்று முட்டை, ஒரு வேளை கோழி 150 கிராம், இன்னொரு வேளை மீனோ நெத்தலியோ. சோயா மீட் காய்ந்த நிலையில் 30 கிராம் போட்டால் 15 கிராம் புரதம், விலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. கருவாட்டுக் குழம்பும் நல்லதுதான், உப்பை மட்டும் ஊறவைத்துக் கழுவுங்கள். ஜிம் நாட்களில் கூடுதல் சோற்றைப் பயிற்சி முடிந்த இரவுக்கு ஒதுக்குங்கள், தூக்கமும் நன்றாக வரும்.

ஜிம்மில் நான்கு நாளை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு நாள் கால், இடுப்பு, அடிமுதுகு. ஸ்குவாட், டெட்லிப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), லஞ்ச். மற்ற இரண்டு நாள் நெஞ்சு, முதுகு, தோள். கைக்குத் தனி நாள் தேவையில்லை. ஒரு பயிற்சிக்கு மூன்று செட், எட்டு முதல் பன்னிரண்டு தடவை. தூக்கும் எடை வாரா வாரம் கூடாவிட்டாலும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்துகொண்டே போனால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். மழை மாதங்களில் மாலை நடை கெட்டுவிடும் என்பது தெரிந்ததே, அதற்கு ஈடாக ஜிம்மை ஏழு நாளாக்க வேண்டாம்.

இல்லை, அந்த ஏற்றும் நாள் வேண்டும்தான் என்றால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் மட்டும், கால் பயிற்சி முடிந்ததிலிருந்து 24 மணித்தியாலம். மாச்சத்து 400 கிராம், அதாவது அரைக் கிலோ அரிசியைச் சமைத்து மூன்று நான்கு வேளையாகச் சாப்பிடுவது. கொழுப்பு 40 கிராமுக்குள். அந்த நாள் 2600, 2700 கலோரியில் நிற்கும். கேட்க ஆசையாக இருக்கும், கொழுப்பில்லாத கறியோடு அரைக் கிலோ அரிசியை உண்மையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பலர் அடுத்த வாரம் அந்தப் பக்கமே வருவதில்லை. டயட்டுக்கு நடுவே ஓய்வு கொடுப்பது பயன் தரலாம் என்று காட்டிய ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இருக்கிறது. இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்த ஆண்கள், தொடர்ந்து குறைத்தவர்களைவிட அதிகம் இழந்தார்கள். ஆனால் ஓய்வு வாரங்களில் அவர்கள் சாப்பிட்டது எடை ஏறாத சமநிலை அளவுதான், வரம்பில்லாத விருந்து கிடையாது.

அளப்பதற்கு: வாரத்தில் ஒரே நாள், புதன் அல்லது வியாழன் காலை, சிறுநீர் கழித்த பிறகு, ஏதும் குடிக்கும் முன். தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பும் பிடியுங்கள். நம் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. தராசு அசையாத வாரத்திலும் டேப் அரை சென்ரிமீற்றர் இறங்கினால் வேலை நடக்கிறது. நான்கு வாரம் இரண்டுமே அசையாவிட்டால், பகல் சோற்றில் கால் கோப்பை குறையுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக அப்பா. அவர் இதில் சேரக் கூடாது, நான் மேலே சொன்ன இலகுவான வடிவத்தில்கூட இப்போதைக்கு வேண்டாம். கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றையும் ரொட்டியையும் நிறுத்தினால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். மலைச்சரிவில் தனியாக நடக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எம்பாகிளிபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாச்சத்தை மிகக் குறைத்தால் இன்னொரு ஆபத்து, இரத்தத்தில் அமிலம் ஏறும். அதில் சீனி அளவு பெரிதாகக் கூடாமலே ஆள் கவலைக்கிடமாகலாம், வாந்தியும் மூச்சுவாங்கலும்தான் அடையாளம். மெட்போமின் மட்டும் எடுக்கிறார் என்றால் ஆபத்துக் குறைவு, அப்போதும் டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே சரி. அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு நீங்களும் கூடப் போங்கள், சோற்றைக் குறைக்கப் போகிறோம் என்று சொல்லி, மாத்திரையின் அளவை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். அதுவரை அவர் தேத்தண்ணியில் சீனியை மட்டும் பாதியாக்கட்டும்.